மீசைக்காரன் காத்த குழாய்

தொட்டில் கம்பைத் தேடிப் பரணில் ஏறியபோது, ஒரு சாண் நீள பி.வி.சி. குழாய்த் துண்டு கையில் சிக்கியது. உள்ளே பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. எறியப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

என் மாமனார் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். வீடு கள்ளிக்குப்பத்தில். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நாலடி மீன் தொட்டி வைத்திருந்தார். கப்பி, மோலி, ஏஞ்சல் என்று எல்லாம் ஒன்றாகக் குடித்தனம் செய்த தொட்டி அது. ஆனால் அவருடைய உயிர், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்னும் இரண்டு சக்கர் மீன்களிடம்தான் இருந்தது. ஆணுக்கு மூக்கைச் சுற்றி முள்முள்ளாக மீசை. அந்த வகை மீன், தொட்டியில் குஞ்சு பொரிக்காது என்று மீன் கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். விடுவாரா இவர்? குழாயை அறுத்து, ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்கி, ஜோடி தங்குவதற்கென்று உள்ளே வைத்தார். மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெடவில்லை. மாப்பிள்ளை நான், எனக்குத் தெரியாதா?

குழாய்க்குள் முட்டையும் வந்தது, ஆரஞ்சு நிற ஜவ்வரிசி மாதிரி. பெற்ற குஞ்சையே தின்னும் கப்பிகளைப் பார்த்துப் பழகியவர், "அப்பன்காரன் துன்னுடுவான்" என்று மீசைக்காரனைப் பிடித்து வாளியில் போட்டார். மூன்றே நாளில் முட்டைகள் பூஞ்சை பூத்து வீணாயின. மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்து என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கூடத்தில் கட்டில் போட இடமில்லை. தொட்டி போக வேண்டும் என்று மாமியார் கெடு வைத்தார். அதைத் தூக்கக் கை கொடுக்க, ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து வந்தேன். அன்றைக்கென்று பார்த்து மறுபடி முட்டை!

மாமனார் வேர்க்க விறுவிறுக்க மீசைக்காரனுக்கு வலை போட்டார். மாமியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன உடுய்யா. போன தபா அவன வாளில போட்டதும் அந்தப் பொம்பள மீனு முட்ட பக்கமே வரல. நீ டூட்டிக்குப் பூட்ட, நான்தான பாத்துகினு இருந்தேன்."

வலை கீழே போனது. குனிந்து பார்த்தோம். மீசைக்காரன் குழாயை அடைத்துப் படுத்து, ஓயாமல் துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த ஏஞ்சலை முட்டித் தள்ளினான்.

மாமியார் நிமிர்ந்தார். "நானும் மூணு பெத்தேன். ஒரு தபா லீவு போட்டியா நீ? கேட்டா ஓவர்டைம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"நீங்க இன்னா மாப்ளே? ஞாயித்துக்கெயம மட்டும் வந்து கொயந்தய பாத்துட்டு ரயில் ஏறிடுவீங்களா?"

அதுதான் என் திட்டமாகவும் இருந்தது.

தொட்டி தப்பியது. மாமனாரின் சாய்வு நாற்காலி வாசலுக்குப் போனது. என் மகள் பிறந்தபோது குஞ்சு மீன்கள் விரல்கணு அளவு வளர்ந்திருந்தன; பொரிக்காது என்ற கடைக்காரர் அசந்துபோனார். மாமனார் பதினைந்து நாள் லீவு போட்டு எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். நான் தினமும் வேலை முடிந்து வந்து பீத்துணி அலசினேன். பிள்ளையைத் தூக்கப் பயந்து நின்றபோது அவர்தான் என் கையில் வைத்தார். "மீசக்காரன் கணக்கா இரு மாப்ளே, போதும்." அந்தக் கணத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது அவர் இல்லை. அடுத்த வாரம் என் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். மாப்பிள்ளை போனில் பேசினார்: "ஞாயித்துக்கிழமையானா வந்து பாத்துட்டுப் போறேன் மாமா."

குழாயைக் கழுவிக் கூடத்து மேசையில் வைத்திருக்கிறேன். வரட்டும்.