மழை நாளில் ஒரு கேரம் ஆட்டம்

மாதுங்காவில் அக்கா படித்த பழைய கல்லூரிக் கட்டடத்தை மாணவர் மையமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். போன வாரம் அதன் கூடத்துக்குள் நுழைந்ததும் கேரம் பவுடர் வாசனை வந்தது.

அறுபதுகளில் ஒரு மழை நாள். ரயில்கள் நின்றுவிட்டன. பள்ளி விட்டதும் நான் அக்காவின் கல்லூரிக்கு வந்துவிட்டேன். இதே கூடத்தில் அவள் பையன்களோடு கேரம் ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையன்களோடு பேசினாலே படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்த அப்பா, நகரின் தென்கோடியில் ஃபோர்ட்டில் இருந்த தன் ஆபீஸிலிருந்து வெள்ளத்தில் நடந்தே எங்களைத் தேடி வந்து வாசலில் நின்றார். எல்லோரும் பயந்து எழுந்துவிட்டார்கள்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஏன் நிறுத்திட்டேள்? நானும் ஒரு ஆட்டம் வரேன்" என்று சட்டையைப் பிழிந்தபடி உட்கார்ந்தார்.

வீடு திரும்பும்போது அக்காவிடம், "நன்னா ஆடறேடி. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே" என்றார்.