இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து

என் அம்மா முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தினாள். மூன்றாம் நம்பர் ஜன்னல். பதிவுத் தபால், பார்சல். அவளுடைய உண்மைப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘முத்திரையக்கா வீடு’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். முத்திரையை ஓங்கி ஓங்கி வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது. ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் பேச எழுந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லாமல் பேச யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு கை குலுக்கிவிட்டுக் கலைந்துவிட்டார்கள். அம்மா அதையும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள்.

எங்கள் வீட்டில் பேசுவது அப்பாவின் இலாகா. நில அளவைத் துறையில் இருந்தவர். ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர் பேச்சை மட்டும் அளந்ததே இல்லை. சபையில் அவர் ஜெபிக்க எழுந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் படுக்க வைத்துத் தூங்கவே செய்துவிடுவார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டுகிற தலை.

அம்மா ஓய்வு பெற்ற மறு வருடமே, மூத்த தம்பதிகளைச் சேவைக்கு அனுப்பும் மிஷன் ஊழியத்துக்கு அப்பா பெயர் கொடுத்தார். இரண்டு வருடம், ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அந்த மிஷனில் தம்பதி என்றால் ஒரே ஆள் கணக்கு. ஒரே விண்ணப்பம், ஒரே அறை, ஒரே கைபேசி. எந்தப் படிவமானாலும் கணவர் போட்டால் அது இருவருக்குமான கையெழுத்து. சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து திரும்ப வேண்டும். ஒருவர் மட்டும் ஊருக்குக் கிளம்பினால் மற்றவரின் ஊழியமும் அன்றோடு முடிந்தது.

அங்கே அப்பா கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பார். ஓட முடியாதவர்கள்தானே, நன்றாகவே கேட்டார்கள். அம்மாவுக்குத் துணிக்கிடங்கில் வேலை. வெந்நீரில் அலசி வந்த விரிப்புகளை மடித்து அடுக்குவது, பிரசவ வார்டுக்குக் குழந்தை சுற்றும் துணிகளைக் கத்தரித்து ஓரம் தைத்துக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பத்து நிமிடம் என்னோடு பேச்சு. கைபேசி அப்பா கையில் இருக்கும், ஸ்பீக்கரில் இருக்கும். அம்மாவின் குரல் எப்போதும் பின்னாலிருந்துதான் வரும்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நான் உண்டானது அவர்கள் அங்கே போன சில மாதத்தில். எனக்கு வேலை கண்ணாடிக் கடையில், லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது. நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்க வேண்டும். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், மாமியார் இல்லை. "நீ ஒண்ணும் பயப்படாதடி. கடைசி மாசம் நான் உன் பக்கத்துல இருப்பேன்" என்று பின்னாலிருந்து அம்மா சத்தம் போட்டுச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினேன்.

எட்டாம் மாதம் அப்பா தொண்டையைக் கனைத்தார். "லீவு கேட்டுப் பார்த்தேன்மா. தலைகீழா நின்னாலும் தரமாட்டேங்கிறாங்க. ஊழியத்துக்கு வந்தவங்க வீட்டுக்குப் போகக் கூடாதாம். ரூல்."

"அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா அழுதுகிட்டு இருக்கா. அப்புறம் பேசுறேன்."

ரூல் என்றால் ரூல். தபால் நிலையத்து மகள் நான், எனக்கா ரூல் புரியாது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வருடக் கடைசியில் மிஷன்காரர்கள் மூத்த தம்பதிகள் பன்னிரண்டு ஜோடியை ஒரே பஸ்ஸில் ஏற்றி மலைக்குப் பத்து நாள் விடுமுறைப் பயணம் கூட்டிப்போனார்கள். வீட்டுக்குப் போகத்தான் தடை, மலைக்குப் போகத் தடையில்லையாம். அப்பா படமாக அனுப்பித் தள்ளினார். ஏரியில் படகு. அருவி முன்னால் கூட்டமாக. அம்மா யாரோ கொடுத்த கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று, நான் பிரசவ வார்டில் சேர்ந்த அன்று காலையில் வந்தது. இரண்டு நாள் வலி. கடைசியில் கத்திதான் வைத்தார்கள். உதிரம் நிற்காமல் போக, இனி இன்னொரு குழந்தை கிடையாது என்று சொல்லிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன் கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டிய நர்ஸ் கேட்டாள், "கூட அம்மா யாரும் வரலையா?" நான் அந்தத் தொப்பியை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். உங்க மிஷன்காரங்களுக்கு நானே போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்களைக் கேட்டு என்ன ஆகப்போகுது? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்மா. கெஞ்சியிருந்தா ஒருவேளை விட்டிருப்பாங்க. உங்கம்மாவுக்குத்தான் ஊழியத்தைப் பாதியில போட்டுட்டு வர மனசு வரல. அவளை ஒண்ணும் கேட்டுடாத."

நம்பினேன். என்னைப் போல ஒரு ஏமாளி தேடினாலும் கிடைக்க மாட்டாள். மிஷன் மாதாமாதம் அச்சடித்து அனுப்பும் ஊழியக் கடிதத்தில் வந்த படத்தில் அம்மா யாரோ பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தால் கணவரிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவேன். பெற்ற தாயிடம் ஒன்பது மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தவணை முடிந்து இருவரும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்து இறங்கினார்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்த எனக்குத் தைரியம் இல்லை. அப்பா குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்கும் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிட்டார். அம்மா எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று தெரியாத விருந்தாளி மாதிரி சுவரோரம் நின்றாள்.

மூன்றாம் நாள் காலை. சமையலறையில் நான் பால் புட்டியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்கூட பேசமாட்டியாடி?"

"ஊழியந்தான பெருசுன்னு வராம இருந்த. இப்ப என்ன பேச்சு?"

"யார் சொன்னா அப்படி?"

சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

அவளிடமும் அப்பா ரூல் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவளும் நம்பியிருக்கிறாள். மலைக்குப் போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. சபை நிறைய ஜனம். வந்திருக்கும் ஊழியக்காரர்கள் யாராவது தேவன் தங்களை நடத்தியதைச் சாட்சியாகச் சொல்லலாம் என்றதும் அப்பா முதல் ஆளாக எழுந்து போயிருக்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு வீட்டுக்குப் போக மூன்று வாரம் விடுமுறை கொடுத்தார்கள், எங்கள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம், ஆனாலும் நானும் என் மனைவியும் முழங்காலில் நின்று யோசித்து வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்றாராம்.

கிடைத்த விடுமுறையை அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தரவில்லை என்றதும் பொய், அம்மாவுக்கு வர மனசில்லை என்றதும் பொய். என் வயிற்றில் கத்தி வைத்ததைவிட அது வலித்தது. முன்னறைக்குப் போனேன். அப்பா குழந்தையை மடியில் நிறுத்திக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"லீவு குடுத்தாங்களா இல்லையாப்பா?"

அவர் வாசலைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். "குடுத்தாங்க."

"அம்மா பேரையும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டீங்களா?"

"அங்க எல்லாருக்கும் அப்படித்தான்மா. நான் போட்டா அவளும் போட்டதுதான். வந்திருந்தா அந்த ஊழியத்தை எப்படியும் பாதியில விட வேண்டியிருக்கும், உங்கம்மா திரும்பி வரமாட்டா. நான் என்ன எனக்காகவா செஞ்சேன்? அந்தச் சாட்சியைக் கேட்டு ரெண்டு ஜோடி ஊழியத்துக்குப் பேர் குடுத்தாங்க, தெரியுமா?"

"அப்ப அம்மாவுக்கு வர மனசில்லைன்னு என்கிட்ட சொன்னது எதுக்கு?"

அவர் மடியில் கிடந்த குழந்தையின் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். என் பிரசவம் அவருக்குப் பிரசங்கத்துக்கு ஒரு உதாரணம், அவ்வளவுதான். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டுக்குக் கிளம்புங்க. அம்மா இங்க இருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் குழந்தையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் அநியாயமாகத் தண்டித்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதுதான் ஒன்று இடறியது. மலையில் அவர் சாட்சி சொன்னது ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பிறந்தது அந்த வியாழக்கிழமை.

"அம்மா, அவர் சாட்சி சொல்லி முடிச்சதும் நீ என்ன பண்ண?"

"எழுந்து வெளிய போயிடணும்னு எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்துட்டு சபையே எழுந்திருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு பொம்பளை என் ரெண்டு கையையும் பிடிச்சு முத்தம் குடுத்து அழுதா. உங்களை மாதிரி ஒரு தாயை நான் பார்த்ததில்லைன்னா. வரிசையா வந்தாங்க, வாசல் வரைக்கும் நின்னு வந்தாங்க. உங்கப்பாவைத் தாண்டி என்கிட்ட வந்தாங்க."

"நீ வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான? நான் கையெழுத்துப் போடலன்னு?"

"சொல்லத்தான் நெனச்சேன்."

"அப்புறம்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பிடிச்சிருந்ததுடி எனக்கு."

கொதித்த புட்டி அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. முன்னறையில் அப்பா பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவரைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. இவளைத் திட்ட வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது.

"நாலு நாள் இருந்துச்சேம்மா" என்றேன். "ரெண்டு நாள்ல வந்திருக்கலாமே."

"ஆமா," என்றாள். "வந்திருக்கலாம்."