ஒன்பது பேரும் மொறிசும்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் வடக்கு லண்டனில் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே யூதர்களின் செபக்கூடம் ஒன்று. வாசலில் பொலிஸ் வாகனம். காதில் வயர் மாட்டிய இரண்டு இளைஞர்கள் உள்ளே போகிறவர்களின் முகத்தையும் பையையும் பார்த்துப் பார்த்து விட்டார்கள். கைத்தடியோடு வந்த ஒரு கிழவர், கேட்க முன்னமே தன் கோட்டைத் திறந்து காட்டினார். சண்டை நடப்பது எங்கேயோ. கோட்டைத் திறப்பது இங்கே.

அந்த நேரத்தில் பக்கத்து பேக்கரியிலிருந்து வாசம் வந்தது. சடை மாதிரிப் பின்னி, மேலே முட்டை பூசிச் சுட்ட பாண். பஸ்சை விட்டுவிட்டு ஒன்று வாங்கினேன். அடுத்த பஸ்சில் அதன் சூடு மடியில் இருக்க, இருபத்தெட்டு வயதுக்காரியாகிப் போனேன்.

அப்போது எனக்கு ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருந்த ஒரு யூத முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. ஊரில் தாவரவியல் படித்துவிட்டு இங்கே வந்து கரட் சீவினேன். "நீ உன்ர துறையை விட்டு விலகேல்லைத்தானே" என்று அண்ணை பகிடி பண்ணுவார்.

அந்தச் சமையலறையில், யூத முறைப்படி, இறைச்சிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம். சட்டி, கரண்டி, கழுவுகிற தொட்டி எல்லாமே இரண்டிரண்டு. புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள். நான் குழம்பவில்லை. மீன், இறைச்சி காய்ச்சிய மச்சச் சட்டியில் மரக்கறி வைத்தால் வீட்டை இரண்டாக்குகிற அம்மாவிடம் வளர்ந்தவள் அல்லவா. தலைமைச் சமையற்காரி ரீட்டாவுக்கு அதனாலேயே என்னைப் பிடித்துப்போயிற்று. ரீட்டா கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்த யூதப் பெண்; பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் தலைக்குள் அது எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஹைமன், மொறிஸ் என்று இரண்டு கிழவர்கள். ஹைமன் பழைய தையற்காரர், பக்திமான். அவருடைய ஒரே மகள் இஸ்ரேலில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தாள். மொறிஸ் பழைய தொழிற்சங்கக்காரர், கடவுளில்லை என்று சொல்கிறவர். இல்லத்தின் கோடியில் இருந்த சின்னச் செபஅறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஆனாலும் வருடக்கணக்காக இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள்.

அந்தத் தேசத்தில் சண்டை பெரிதாகிய ஒரு மாதத்தில், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில், "உங்கட ஆக்கள் அங்க செய்யிறது சரியில்லை" என்றார் மொறிஸ். "உங்கட ஆக்கள் எண்டால்? நீ ஆர்?" என்று ஹைமன் எழும்பிவிட்டார். சூப் கோப்பை கவிழ்ந்தது. அடுத்த நாள் மொறிஸ் யன்னலோரத் தனி மேசைக்குப் போனார். அதன்பிறகு பேச்சில்லை.

எனக்கு அது புதிதில்லை. நான் அண்ணையோடு மனோர் பார்க்கில் இருந்தேன். அண்ணையும் சிவம் அண்ணையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு ஆளுக்கொரு இயக்கத்துக்குப் போனார்கள். அந்த இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று சுட்டன. இவர்கள் இருவரும் லண்டனுக்குத் தப்பி வந்து, ஒருவரையொருவர் ஒன்றும் செய்யாமலே, கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முருகன் கோயிலில் சிவம் அண்ணை நின்றால், அண்ணை திருநீறுகூட வாங்காமல் வெளியே வந்துவிடுவார்.

ஒரு காலை ரீட்டா சத்தமில்லாமல் வேலைக்கு வந்தாள். அங்கே ஒரு பஸ்சில் குண்டு வெடித்ததாம். ஹைமனின் மகள் அதில் இருந்தாளாம்.

கிழவரால் பயணம் செய்ய முடியாது. மகளை அங்கேயே அடக்கம் செய்ய, அவர் இங்கே துக்கம் காத்தார். ஏழு நாள். கண்ணாடியைத் துணியால் மூடி, உயரம் குறைந்த, பதிவான ஒரு கதிரையில் அவரை இருத்தினார்கள். தேத்தண்ணி கொண்டுபோக வெளிக்கிட்ட என்னை ரீட்டா மறித்தாள்.

"அவர் வாய் திறக்கும்வரை நீ கதைக்கக் கூடாது. அதுதான் எங்கட முறை. சும்மா பக்கத்தில இரு."

எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் செத்தவீட்டில் வருகிற ஒவ்வொருவரும் "எப்பிடி நடந்தது?" என்று கேட்க, அழுகிறவர் தொடக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. செத்தவருக்காகச் சொல்கிற செபத்தைத் தனியே சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடி நிற்க வேண்டும். இல்லத்தில் நடமாடக்கூடியவர்களாக ஒன்பது பேர் இருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட ரீட்டா தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தாள். நான் மொறிசுக்குச் சூப் கொண்டுபோனேன். அவர் கரண்டியைத் தொடவில்லை.

"எத்தினை பேர் நிக்கினம்?"

"ஒன்பது பேர், ஐயா."

சூப் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு, "என்ர நல்ல கோட்டை எடுத்துத் தா, பிள்ளை" என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். செபஅறை வாசலில் யாரோ தலைக்கு ஒரு சின்னத் தொப்பி நீட்டினார்கள். ஒரு கணம் தயங்கி, வைத்துக்கொண்டார். ஹைமன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு உடைந்த குரலில் செபம் தொடங்கியது. வாசலில் நின்று கேட்டேன். சாவு என்ற சொல்லே அதில் இல்லையாம். முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதானாம். மகளைப் பறிகொடுத்தவர் புகழ, கடவுளை நம்பாதவர் "ஆமென்" சொன்னார்.

மொறிஸ் தினமும் வந்து, செபம் முடிந்ததும் ஹைமனுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். கடைசி நாள் ஹைமனே வாய் திறந்தார்.

"உதில குளிர்காத்து வருது. இஞ்சால தள்ளி இரு."

மொறிஸ் தள்ளி இருந்தார்.

இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மாதமே பழைய மேசையில் பழைய சண்டை, முன்னையைவிடச் சத்தமாக. நான் பதறி ஓடினேன். ரீட்டா சிரித்தாள். "விடு. எங்கட வேதப் புத்தகங்களில தோத்தவன்ர வாதத்தையும் சேர்த்துத்தான் எழுதி வைச்சிருக்கு. சண்டை பிடிக்கலாம், மேசையை விட்டு எழும்பத்தான் கூடாது."

அடுத்த வருடம் ஊரில் அம்மா செத்துப்போனார். அங்கேயும் சண்டை, பாதை பூட்டு, எங்களால் போக முடியவில்லை. வீட்டில் படம் வைத்து விளக்கேற்றினோம். அம்மாவின் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர் என்பதால், அண்ணைக்குச் சொல்லாமல் சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "வந்து ஒண்டும் கதையாமல் இருங்கோ, அண்ணை. அது காணும்."

வந்தார். கார்ப்பெட்டில் மூலையோடு இருந்தார். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறி, ஆடை படர்ந்தது. அவர் போனபிறகு, "ஆர் அவனுக்குச் சொன்னது?" என்றார் அண்ணை. "நான்தான்" என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் சிவம் அண்ணை வந்தார். அண்ணை குசினிக்குள் வந்து, "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர்களுக்கிடையில் பிறக்கவில்லை. மற்றவர்களின் மருந்து எங்களுக்கு அரைவாசிதான் வேலை செய்தது.

ஹைமன் செத்தபோது அவருக்கான செபத்தில் மொறிசும் நின்றார். பிறகு ஆட்கள் குறைந்து, பத்துப் பேர் கூடாமலே போயிற்று. செபஅறையின் வேதச்சுருள்களை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன அன்று, மொறிஸ் வீட்டுச் செருப்போடு வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார். இல்லத்தையும் மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவில் இருந்த ரீட்டாவும் கடற்கரைப் பக்கம் மகளோடு போய்விட்டாள்.

சிவம் அண்ணை போன வருடம் கோலியர்ஸ் வுட்டில் காலமானார். செய்தியைச் சொன்னபோது அண்ணை தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

கூட்டிப்போனேன். மயான மண்டபத்தில் இருக்கை காலியாக இருந்தும் அண்ணை இருக்கவில்லை. பின்சுவரோடு கடைசிவரை நின்றார். திரும்பி வரும்போது ரெயினில் ஸ்ட்ராட்போர்ட் தாண்டியபிறகு, முன்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்தபடி சொன்னார்:

"முப்பது வருசமா அவனோட மனசுக்குள்ள சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தன், தங்கச்சி. இனி ஆரோட பிடிக்கிறது?"