முகூர்த்தத்துக்கு வராதீங்க, சிங்காரம் சார்!

போன மாதம் பெங்களூர் அல்சூரில் ஒரு கல்யாணம் நின்றது. அரை நிமிஷம்தான். ஆனால் அதற்காக என் மச்சினன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

காரணம், சிங்காரம் சார். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது கூட்டத்தின் நடுவில் எழுந்து, கையைத் தூக்கி, "நிறுத்துங்க கல்யாணத்தை!" என்பாரே... அவரேதான். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி, ஜாதகம் பொய் என்று காரணம் படத்துக்குப் படம் மாறும். வசனம் மாறாது. அந்த ஒரே வசனத்தை வைத்துப் பெண்ணைப் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்துவிட்டார்!

இப்போது அந்த மகள் வீட்டில்தான் இருக்கிறார். பரம சாது. ஆனால் கேபிள் டிவி விடுகிறதா? தினமும் மத்தியானம் எங்காவது ஒரு கல்யாணத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறார். விளைவு? ஏரியாவில் யாரும் அவரை முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவதில்லை. "ரிசப்ஷனுக்கு வந்துடுங்க சார். முகூர்த்தம் விடியக்காலைல... உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஏரிக்கரையில் வாக்கிங் போகும்போது என்னிடம் புலம்பினார். "தாலி ஏறுறத நான் கண்ணால பார்த்ததே இல்ல சார். ஷூட்டிங்ல நான் விடமாட்டேன். நிஜத்துல என்னை விடமாட்டேங்கிறாங்க."

"உங்க கல்யாணம்?"

"அன்னைக்குப் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன். பொண்ணு கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, வெறும் கையெழுத்துதான்."

மனசு கேட்கவில்லை. மச்சினன் மகள் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மச்சினன் அலறினான். "மாமா, சம்பந்தி பீன்யாவுல ஃபேக்டரி வெச்சிருக்கிறவரு. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா?"

"அவர் நடிகர்டா. கல்யாணத்த நிறுத்துறது அவருக்குப் பொழுதுபோக்கா?" என்றேன்.

முகூர்த்த நேரம். மூன்றாவது வரிசையில், பட்டு வேட்டியில், கை நிறைய அட்சதையோடு சிங்காரம் சார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். சொல்லி வைத்தாற்போல் வீடியோக்காரர் லைட்டோடு குறுக்கே வந்து நின்றார். நமக்கு இது பழக்கம்தான் — எந்தக் கல்யாணத்தில் நாம் தாலியைப் பார்த்திருக்கிறோம்? வீடியோக்காரர் முதுகைத்தானே! சிங்காரம் சாருக்கு அது தெரியாதே. எட்டிப் பார்க்க எழுந்தார். அட்சதைக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். தவில் நின்றது. நாதஸ்வரம் பாதியில் இழுத்து அடங்கியது. தாலியும் கையுமாக மாப்பிள்ளை அப்படியே உறைந்துவிட்டார். சம்பந்தியம்மா மாப்பிள்ளையை முறைத்தார் — பெற்ற பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை! என்ன ஆச்சு என்று தவில்காரர் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்... "ஏனாய்த்து சார்?"

சிங்காரம் சார் சுற்றிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. பாவமாக இருந்தது எனக்கு. பிறகு அந்தப் பழைய வெண்கலக் குரல் எழுந்தது.

"ஏன் நிறுத்தினீங்க? கட்டுங்க தாலியை! வீடியோ தம்பி, நீ உட்காரு!"

மேளம் கொட்டியது. வீடியோக்காரர் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். தாலி ஏறியதை மொத்த மண்டபமும் கண்ணாரப் பார்த்தது. சிங்காரம் சார் அழுதுகொண்டே அட்சதை போட்டார்.

வீடியோ கேசட்டில்தான் தாலி இல்லை. அந்த இடத்தில் மண்டபத்தின் சீலிங் ஃபேன் ஓடுகிறது. மச்சினன் பேசாததற்கு அதுதான் காரணம்... பேசாவிட்டால் போகட்டும்!

அன்று பந்தியில் பாயசம் வந்தது. எல்லோரும் "போதும், நிறுத்துங்க" என்று இலையை மறைத்தார்கள். சிங்காரம் சார் மட்டும் அந்த வசனத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை.