தங்கைக்கு விட்ட நோட்டீஸ்

நர்ஸம்மாவை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய உள்ளங்கைதான். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் போக்குவரத்துக் காவலரைப் போல அதை உயர்த்திக் காட்டுவார். வேலையில் இருப்பவர்களுக்காகப் புதுக்கோட்டையில் ஐந்து நாள் சமரசப் பயிற்சி நடந்தது. இருபத்தைந்து வருடம் கோர்ட்டில் பேசியவனுக்கு எவன் பேசக் கற்றுத்தருவது என்ற திமிரோடுதான் போய் உட்கார்ந்தேன். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த இந்த நர்ஸம்மாவை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள்.

மூன்றாம் நாள், அவரவர் வாழ்க்கையில் தீராமல் கிடக்கும் ஒரு சச்சரவைச் சொல்ல வேண்டும் என்றார்கள். எதிரில் இருப்பவர் மறுதரப்பாகப் பேசுவார். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் நாம் பதில் பேசலாம். நான் என் தங்கை கதையைச் சொன்னேன். கிணற்றுக்குப் போகும் பொதுப் பாதையில் அவள் வேலி போட்டாள். நேரில் போய்க் கேட்டிருக்கலாம். வக்கீல் புத்தி, என் லெட்டர்பேடிலேயே நோட்டீஸ் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுவாரமே வேலியை எடுத்துவிட்டாள். பேச்சையும் நிறுத்திவிட்டாள். மூன்று வருடமாயிற்று. அடுத்த மாதம் அவள் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவன் நான். எனக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

"அண்ணே, நோட்டீஸ் விடுற அளவுக்கு நான் என்னண்ணே செஞ்சேன்?" என்றார் நர்ஸம்மா, என் தங்கையாக.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதிர்தரப்பினர் கூறுவது யாதெனில்" என்று ஆரம்பித்தேன். அறையே சிரித்தது. கை உயர்ந்தது.

"எதிர்தரப்பு இல்லைங்க சார், தங்கச்சி. மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன், சர்வே நம்பர் வந்து விழுந்தது. மூன்றாம் முறை சட்டப் பிரிவே நுழைந்துவிட்டது. கை இறங்குவதாக இல்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அவரோ தன் டப்பாவிலிருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார்.

"வார்டுல வலியில கத்துறவங்ககிட்ட நாங்க நியாயம் பேச மாட்டோம் சார். எங்க வலிக்குதுன்னுதான் கேப்போம். நீங்க இன்னும் அதக் கேக்கவே இல்லையே."

அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்று நானும் சமரசத்துக்கு உட்காருகிறேன். இரு தரப்பும் கத்தும்போது என் கையும் தானாக உயர்ந்துவிடுகிறது. அவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பயிற்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை திருவரங்குளத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போனேன். "வாங்க" என்றாள், அண்ணே என்று சேர்க்கவில்லை. பாதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "ஒனக்கு எதும்மா வலிச்சுது?" என்று மட்டும் கேட்டேன்.

"போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டாரு. கவர்ல ஒங்க பேரு. எங்கண்ணன் எனக்கு என்னமோ அனுப்பியிருக்குன்னு மாமியார்கிட்டச் சொல்லி, சிரிச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன்."

பயிற்சியில் சொன்னபடி அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன். "சிரிச்சுக்கிட்டே" என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுபோயிற்று.

தங்கை எழுந்து உள்ளே போனாள். தண்ணீர்ச் செம்போடு வந்து என் முன்னால் வைத்தாள்.

"பட்டுப் பாவாடை எடுக்குறப்ப நீளமா எடுண்ணே. நீ பாத்தப்ப இருந்த புள்ளையா அவ? என் ஒசரம் வந்துட்டா."