மாடி வீட்டில் அடுப்பு எரிந்த நாள்

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் உகாண்டாக்காரத் தம்பிக்கு அம்மா இறந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். கூட வந்த இரண்டு நண்பர்கள் ஜங்ஷன் பக்கம் தங்கியிருக்கிறார்கள். செய்தி கேட்டு அவர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். அவர்கள் ஊரில் மறுநாளே அடக்கமாம். இவர் சென்னைக்குப் போய், விமானம் ஏறி, இன்னொன்று மாறி, கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கிளம்பவில்லை. அழவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வீடு விட்டபோது தெருவில் பேசாத பேச்சில்லை. யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை நான். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு அம்மா இறந்திருக்கிறார். செய்ய வேண்டியதை நான்தானே செய்ய வேண்டும்? சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கையோடு கேஸ் சிலிண்டரையும் மூடினேன்.

"நீங்க அடுப்பப் பத்த வைக்கக் கூடாது தம்பி. சாப்பாடெல்லாம் நம்ம வூட்டுலருந்து வந்துரும்" என்றேன். தலையாட்டினார். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் கீழே இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேலே போய்ப் பார்த்தால், மூன்று பேரும் ஒரு பெரிய அண்டாவில் மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அடுப்பில் காராமணிக் குழம்பு கொதித்தது. அந்தச் சோளம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாங்கியது. எங்கள் பக்கம் விளைகிற மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குத்தான் போகும். இவர் அரைக்கக் கொண்டுபோனபோது, எத்தனை கோழி வளர்க்கிறீர்கள் என்று மில்காரர் அக்கறையாக விசாரித்தாராம்.

"சொன்னா கேக்க மாட்டீங்களா தம்பி?" என்றேன்.

"அக்கா, எங்க ஊருல துக்கத்துக்கு வர்றவங்க சாப்புடணும். சாப்புடாம போனா அம்மாவ மதிக்கலன்னு அர்த்தம்" என்றார். பீங்கான் கம்பெனியில் எங்கள் ஆட்களிடம் கற்ற தமிழ். "அடக்கத்துக்கு நான் அங்க இல்ல. அம்மாவுக்கு இது மட்டும்தான் என்னால செய்ய முடியும்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாகக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. துக்க வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பார்கள்.

பயந்தபடியே நடந்தது. வாய் கிழியப் பேசிய தெருக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அதில் என் தெருவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர் தட்டை நீட்டியதும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மரியாதையாகத்தான் மறுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டையும் திரும்ப வைக்கும்போது அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. நண்பர்கள் இரண்டு பேர் சாப்பிட்டு அந்த அண்டா குறையுமா?

"வுட்டுரு. ஊரு பழக்கத்த நீ மாத்த முடியுமா?" என்றார் என் கணவர்.

"மாத்த வேணாங்க. இன்னிக்கு ஒரு வேளை சாப்ட்டா போதும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. இருந்தாலும், அவருக்காக ஆக்கிய சோறு வீணாகக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

அடுத்து வந்தவர் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க அம்மா மவுத்தானப்ப நான் சவூதில இருந்தேன் தங்கச்சி. ரூம்ல கூட இருந்தவங்கதான் என்னையத் தேத்துனாங்க. மொகம் தெரியாத ஜனங்க" என்றவர், நேராக மேலே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டார் தயங்கித் தயங்கி ஏறினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர்.

தம்பியோடு கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, "கோழித்தீவனத்தையா திங்கச் சொல்ற?" என்று கேட்டாள்.

"பாய் ரெண்டாந்தரம் வாங்கித் திங்கிறாரு. போய்ப் பாரு."

"அது சரி. நீ சாப்ட்டியா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். ஊரையெல்லாம் மேலே அனுப்பிய நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தோன்றவே இல்லை. வழக்கம் எனக்குள்ளும்தான் ஊறிக் கிடந்திருக்கிறது. அவளோடு மேலே போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே என் கணவரும் வந்து, "அப்பறமா குளிச்சுக்கலாம்" என்று முணுமுணுத்தபடி தட்டை வாங்கினார். களியில் உப்பு இல்லை. காராமணியோடு சேர்த்து விழுங்கினேன். அண்டாவில் அடி தெரிந்தது.

நின்றுவிட்டுப் போகிறவர்களுக்குப் பேச எதுவும் இருக்காது. உட்கார்ந்து சாப்பிட்டால் பேச்சு தானாக வரும். அந்தப் பெண் தம்பியைப் பார்த்து, "ஒங்க அம்மா பாக்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னையவிட கருப்பு. அவ்ளோ அழகு" என்றார். அப்போதுதான் அழுதார். எச்சில் கை காய்ந்து இறுகும் வரை நாங்கள் எல்லாரும் அவரோடு உட்கார்ந்திருந்தோம்.