நான்கு தூதுவர்களும் ஒரு சாரதியும்

தூதரகச் சாரதியின் வேலையில் ஓட்டுவது கொஞ்சம், காத்திருப்பதுதான் அதிகம். பிறருக்காகக் காரில் குந்தியிருந்து முதுகு நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் சாரதியாக இருக்கும் தூதரகம் பிரித்தானியாவுக்குக் கடலின் அந்தப் பக்கத்து அயல்நாட்டினுடையது. பெயர் வேண்டாம், சோறு போடுகிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு அங்கே பல வருஷம் இருந்ததில் அவர்களுடைய பாஸ்போர்ட்டும் பாஷையும் வாய்த்தன. லண்டனுக்கு மாறியதும் அவர்களின் தூதரகத்திலேயே வேலை கிடைத்தது. இதுவரை நான்கு தூதுவர்களை ஏற்றி இறக்கிவிட்டேன்.

மீன் சண்டை

இரண்டாவதாக வந்தவர் ஒரு அம்மையார். யார் எந்தக் கடலில் மீன் பிடிப்பது என்று அப்போது இரண்டு நாட்டுக்கும் இழுபறி. தங்கள் கண்டனத்தைச் சொல்ல அவரை இங்குள்ள வெளிவிவகார அமைச்சுக்குக் கூப்பிட்டார்கள். வழி முழுக்கப் பின்சீட்டில் பதிலை மனப்பாடம் செய்தார். "எங்கள் கடல், எங்கள் மீன்" என்று கையை ஓங்குவது கண்ணாடியில் தெரிந்தது.

இரண்டு மணித்தியாலம் கழித்துச் சாந்தமாக வந்து ஏறினார். பலமாகச் சொன்னீர்களோ என்று கேட்டேன்.

"முதலில் சாப்பாடு தந்தார்கள், மீன். எங்கள் கடல் மீன்தான், ஆனால் சாப்பிட்ட பிறகு அதை எப்படிச் சொல்வது?"

அத்தாட்சி

தூதரகக் காருக்குப் போகிற இடமெல்லாம் வாசலிலேயே இடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சனிக்கிழமைகளில் அப்டன் பார்க் தமிழ்க்கடைத் தெருவில் என் சொந்தக் காரையும் கடை வாசலிலேயே விடுவேன். "இதில விட ஏலாதப்பா" என்பாள் மனைவி. "அஞ்சு நிமிசம்தானே" என்பேன். அவளுக்கு முருங்கைக்காய் தெரிந்தெடுக்கவே அரை மணித்தியாலம் வேண்டும்.

பிறகு அந்நாட்டுப் பாஸ்போர்ட்காரர் இங்கே தங்குவதற்கான சட்டம் மாறியது. ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கேதான் இருந்தேன் என்று நான் நிரூபிக்க வேண்டும். வீட்டுப் பில்கள் எல்லாம் மனைவி பெயரில், சம்பளமோ அக்கரை வங்கிக்குப் போகிறது. விண்ணப்பத்தை மறுத்தால் குடும்பம் இங்கே செவன் கிங்ஸ் வீட்டில், நான் அக்கரையில். இரண்டு கிழமை என் பெயர் போட்ட கடதாசி தேடி வீட்டைக் கிளறினேன். கடைசியில் என் பெயரும் திகதியும் போட்டுத் தபாலில் வந்த பார்க்கிங் தண்ட டிக்கெட்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு குரோய்டனிலுள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஐந்து வருஷமும் நீங்கள் லண்டனில்தான் இருந்திருக்கிறீர்கள், காரை நிற்பாட்ட மட்டும் பழகவில்லை."

மூன்றாமவர்

அண்மையில் தூதரகத்தில் தூதுவர் பதவியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட நினைத்தார்கள். பழையவர்களைப் பற்றிப் பெட்டி பெட்டியாகக் கடிதங்கள் இருந்தன. கிட்டடியில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்கச் செயலாளர் பெண் என்னிடம் வந்தார். மூன்றாமவர் ஒரே வருஷத்தில் ஏன் போனார் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

எனக்குத் தெரியும். அந்தத் தூதுவர் அவர்கள் நாட்டின் வெயில் எரிக்கும் தென்கோடி ஊர்க்காரர். ஒரு நவம்பர் மதியம், வெயில் தெரியும்வரை ஓட்டச் சொன்னார். ஆற்றங்கரை முழுக்கச் சுற்றியும் கிடைக்கவில்லை. காரை நிறுத்தச் சொல்லி, கைக்குட்டையால் முகத்தை மூடி அழுதார். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே காலநிலை ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். செயலாளர் பேனையைத் திறந்தார்.

"அரசியல் காலநிலையா, பொருளாதாரக் காலநிலையா?"

அயல்நாடு என்பது கோபித்துக்கொண்டு வீடு மாற ஏலாத அயலவர், எத்தனை சண்டை வந்தாலும் யாராவது போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்; அதனால்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.